பெருவிரல்

முகத்துவாரத்தில் படகு கட்டிக் கிடக்கிறது.
விடிய நாலுக்குப் பயணம், இருபது நாள்.
என்ஜின் மூடியின்மேல் பிஸ்கட் டின்:
குறடு, அரம், சாவிகள் பதினொன்று.

ஒவ்வொன்றாய் மண்ணெண்ணெயில் கழுவி
பழைய சாரத்துக் கிழிசலில் துடைத்து
கிறீஸ் பூசுகிறேன்,
மாதக் கடைசியில் பாணுக்கு மாஜரின் பூசுவதுபோல.
டின் மூலையில் செட்டியார் தெருக் கற்பூரம், நாலு கட்டி.
மாதா படத்துக்குக் கீழே கோயில் வாசம்.
"மாதா கோபிக்கமாட்டாவா?" என்கிறான் சுகத்.
நடுக்கடலில் கறள் கோபித்தால்
ஆரிடம் போய்ச் சொல்வது?

பதினாலாம் நம்பர் சாவியில் மட்டும்
செங்கல் நிறத்தில் ஒரு கைரேகை.
வியர்வையோடு தொட்டு
துடைக்காமல் போட்ட கை.
சுகத்துக்கு ஏசினேன்.
ஐஸ் அறைப் பொடியனுக்கும் ஏசினேன்.
பக்கத்துப் படகில் சோறு தின்றவர்கள்
கோப்பையோடு எழும்பி வந்து பார்த்தார்கள்.

பிறகு, சும்மா,
என் பெருவிரலை அதன்மேல் வைத்தேன்.
போன வருஷம் வின்ச் கம்பி கிழித்த
குறுக்குத் தழும்புகூடப் பொருந்தியது.

கடல் உப்பைச் சொல்லிச் சொல்லியே
என் உப்பை மறந்திருக்கிறேன்.

உப்புத்தாளைத் தேடுகிறேன்.
சுகத் இந்தப் பக்கம் வராமல் இருக்கவேண்டும்.