ஏழு புறாக்கள்

உயிருள்ள புறாவைக் காட்டி
ராஜாளி பழக்கக் கூடாதாம் இனிமேல்.
பிடிபட்டால் அபராதம்.
தாளை மடித்து அர்பாப்
என் சட்டைப்பையில் செருகினார்,
சட்டம் நான் போட்டது போல.

வியாழன்தோறும் உம் அல் குவைன் சந்தையில்
புறா வாங்கியவன் நான்.
காலில் கயிறு கட்டியவனும்.
கணக்கில் 'தீவனம்' என்றெழுதுவேன்.

இப்போது ட்ரோன் வாலில்
துணிப்பொம்மை பறக்கிறது.
ராஜாளி இரண்டு முறை பாய்ந்தது.
மூன்றாம் முறை
அர்பாபையே பார்த்தது.
அவர் செல்போனை எடுத்துக்கொண்டார்.

மிச்சம் ஏழு புறா.
"விட்டுட்டு வா, முத்தலிபு."
நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய்
மணலில் கூண்டைத் திறந்தேன்.

டீசல் போட்டுத் திரும்புமுன்
ஏசி வெளிப்பெட்டி மேல்
ஆறு உட்கார்ந்திருந்தன.

ஒரு பிடி சோளம் இறைத்தேன்.
தீவனம் என்று எழுதப்போய்
பேனாவை மூடிவிட்டேன்.