பூச்சு

ஜூலை இரண்டாம் வாரம். கொட்டை கெட்டிப்படும் நாட்கள்.
இருபத்தைந்து கிலோ மூட்டையின் வாயைப் பிரித்ததும்
அது ஒரு மூச்சு விட்டது.
முகமூடிக்குள் தும்மினேன்.

வெள்ளைக் களிமண்.
காபிக் கோப்பையாய்ச் சுடுவதும் இதைத்தான்,
வழவழத்த காகிதத்துக்கு மேல்தோலும் இதுதான்.
என் விவாகரத்துத் தீர்ப்பு அச்சான தாளில்கூட
ஒரு சிட்டிகை இருந்திருக்கும்.

தொட்டியில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.
கை நின்றால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்,
குழாய்முனை அடைக்கும்,
டிராக்டர் மேலிருந்து மிர்சதா
போஸ்னிய மொழியில் யாரையோ திட்டுவாள்.
என்னைத்தான் என்று நினைக்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பது ஆலிவ் மரங்கள்
பூச்சாண்டிகளாக நின்றன.
வேலிக்கு அப்பாலிருந்து நேவியோ
சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்:
"யாருக்குக் கல்யாணம்? வெள்ளையடித்திருக்கிறாய்!"

ஆலிவ் ஈ காலாலும் ருசி பார்ப்பவள்.
காயின் மேல் இறங்கி, நடந்து பார்த்து,
பிடித்திருந்தால் ஊசி இறக்கி
ஒரே ஒரு முட்டை.
கசிந்த சாற்றைத் தோல் மேல் நக்கித் தடவிவிட்டுப் போவாள்:
இந்த வீட்டில் ஆள் இருக்கிறது.

பூதக்கண்ணாடியில் ஒருத்தியைப் பார்த்தேன்.
வெள்ளைக் காயில் இறங்கினாள்.
முன்னங்கால்களைத் தேய்த்தாள்.
பின்னங்கால்களைத் தேய்த்தாள்.
கொஞ்சம் நடந்தாள், மறுபடி தேய்த்தாள்.
கதவு எண்ணை மறந்தவள் மாதிரி
சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப்
பறந்துபோனாள்.

கண்ணில் மண்ணைத் தூவுவது என்பார்கள்.
நான் காலில் தூவினேன்.
விஷமில்லை, சாவில்லை.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் இடியோடு ஒரு மழை.
விடிந்தபோது மரத்தடியெல்லாம் பால் கொட்டிய குழிகள்,
இலைகள் பழைய நிறத்தில்.
மறுபடி மூட்டை, மறுபடி கலக்கல், மறுபடி வசவு.
கணக்குப் பிசகி
கிழக்கு வேலியோரம் ஒன்பது மரங்களுக்கு
எட்டாமல் போயிற்று.

செப்டம்பரில் அந்த ஒன்பதிலும் நூறு காய் பறித்து எண்ணினேன்.
அறுபத்தேழில் ஊசித்துளை.
அங்கிருந்து நேவியோவின் முதல் வரிசை
எட்டே மீட்டர்.

ஞாயிறு மதியம் வந்தார். வாயில் சுருட்டு இல்லை.
உள்ளங்கையில் வைத்திருந்த காயை
நகத்தால் பிளந்தார்.
கொட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு சுரங்கம்.
அது முடியுமிடத்தில்
குருணை போல ஒன்று நெளிந்தது.
"என்றைக்கும் இவ்வளவு வந்ததில்லை" என்றார்.
என்னைப் பார்க்கவில்லை.
என் மரங்களைப் பார்த்தார்.

பூச்சியைக் கொல்லாதவளுக்கு
பூச்சி எங்கே போனதென்று கேட்கத் தோன்றவில்லை.
கை மண் யார் வாயில் போய் விழுந்ததென்றும்.

காபி கொடுத்தேன்.
குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து
அதன் அடியைக் கட்டைவிரலால் தடவினார்.
"மூட்டை என்ன விலை?"

சொன்னேன்.
அதிகம் என்றார்.
அதிகம்தான் என்றேன்.
அடுத்த ஜூலையில் சேர்ந்தே வாங்கலாம் என்று முடிவாயிற்று,
டிராக்டருக்கு மிர்சதாவையே சொல்லிவிடலாம் என்றும்.

நேவியோவின் நிலம் முடிகிற இடத்தில்
மிர்சதா குடியிருக்கும் வாடகை வீடு.
பின்னால், துணி உலர்த்தும் கயிற்றின்
இரண்டு முனைகளிலும்
இரண்டு ஆலிவ் மரங்கள்.