மைனஸ் இருபத்தேழு

ஊலு பணிமனையில் விடியற்காலை மூன்று மணி.
பனி வாரும் வண்டிகள் இரண்டும்
உறுமிக்கொண்டே நிற்கின்றன, அணைத்தால் உறைந்துவிடும்.

வெய்க்கோவின் முன்னாள் மனைவி
மெக்சிகோவிலிருந்து அனுப்பிய பொட்டலம்.
கடிதம் இல்லை.
உறைமேல் தொப்பி போட்ட மிளகாய் ஒன்று
கண்ணடிக்கிறது.

"தார் உருண்டை" என்கிறான் இல்மரி.
சொல்ல அவனுக்கு வாயில்லை:
நவச்சாரம் நாறும் கறுப்பு மிட்டாயை
எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருப்பவன்.

வெய்க்கோ ஒன்றை நாக்கில் வைக்கிறான்.
முதலில் சர்க்கரை. சரி.
பிறகு தாடை கூச ஒரு புளிப்பு.
எலுமிச்சை இல்லை, லிங்கன்பெரியும் இல்லை.
அவன் மொழியில் அந்த மரத்துக்கு
நிழலே கிடையாது.
உப்பு தலைகாட்டிப் போகிறது.
அப்புறம்தான்
அது.

ஐந்து குளிர்காலமாய் வேலையில் கழற்றாத
கம்பளிக் குல்லாயைக் கழற்றி
மேசைமேல் வைக்கிறான்.
"உனக்கு வழுக்கையா?" என்கிறான் இல்மரி.

மூக்கைத் துடைத்து, தண்ணீர் குடித்து,
அது உதவாது என்று கண்டு,
"கண்றாவி" என்கிறான்.
சொல்லிக்கொண்டே
இரண்டாவதைப் பிரிக்கிறான்.

நாலு மணிக்கு, வண்டி ஏறுமுன்,
கையுறையைப் பல்லால் உருவி
ஒன்பது ஆண்டுக்குப் பின் அவளுக்கு
ஒரு வரி தட்டுகிறான்:
இதற்கு என்ன பெயர்?

அங்கே இன்னும்
நேற்று இரவு எட்டு மணி.