பின்காலின் நீளம்

பெர்த் நூதனசாலையிலிருந்து கடிதம்:
சிவப்பு நூல் கட்டிய போத்தல் ஏதும் உங்களிடம் உண்டா,
உண்டென்றால் பின்பாதத்தை
நகம் சேர்க்காமல் அளந்து அனுப்ப முடியுமா.

கறுவாத்தோட்டத்தில் மூன்று நாளாய் மழை.
களஞ்சிய அறையின் ஒழுக்குக்குக் கீழே பிளாஸ்ரிக் வாளி.
மேல்தட்டில், உடும்புகளுக்கும்
தலையில்லாத ஓர் ஆந்தைக்கும் பின்னால்
இருந்தது.
நூல் வெளிறி உதட்டு நிறமாகியிருந்தது.

பிளேன்ரீ நிறத்து ஸ்பிரிட்டில்
மூக்கை நீட்டிக்கொண்டு.
கொட்டாஞ்சேனைக் கானுக்குள் கண்டிருந்தால்
பெருச்சாளி என்று செருப்பைக் கழற்றியிருப்பேன்.

தெலுங்கில் பந்திகொக்கு, பன்றியெலி.
எவனோ கப்பல்காரன் அந்தப் பெயரை
ஒரு துறைமுகத்தில் வாயில் போட்டுக்கொண்டு
இன்னொரு கண்டத்தில் போய்த் துப்பினான்.
விழுந்த இடத்தில் இது நின்றிருந்தது.
எலியே அல்ல. வயிற்றில் பை.
ஆனாலும் பாண்டிகூட்.

லத்தீன் பெயர் வேறு.
அதற்குச் சட்டம் உண்டு: முதலில் அச்சேறியதே பெயர்,
பிழையென்றால் பிழையோடு.
எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.
கீதபொன்கலன் என்ற நான்
அடையாள அட்டையில் கிதபொங்கலம்,
இருபத்தாறு வருடமாய்.
திருத்தப் போனால் கந்தோரில் கேட்கிறார்கள்,
"அப்ப இந்த அட்டையில இருக்கிறவ ஆர்?"

மூடி திறக்க அரை மணித்தியாலம்.
வேர்ணியரில் முப்பத்தொன்பது தசம் நாலு.
எழுதிவிட்டுத் திருப்பிப் போட்டேன்.
பை பின்பக்கமாய்த் திறக்கிறது,
தாய் கிண்டும் மண் உள்ளே விழாமல்.

உள்ளே, ஊறிய பயறளவில் ஒன்று.
வாய் இன்னும் முலையை விடவில்லை.

பதிவேட்டில்: பெண், ஒன்று.
லியனாராச்சி ஐயாவிடம் கேட்டேன், இரண்டு என்று மாற்றவா.
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"அவர்கள் கேட்டது பின்கால் மட்டும்தானே."

குட்டிக்குப் பின்கால் இன்னும் வரவில்லை.
அந்த இடத்தில் இரண்டு மொட்டு.

கடிதத்துக்குப் பதில் போயிற்று, தசமத்தோடு.
போத்தலை மூடி மெழுகு வார்த்தேன்.
பதிவேட்டில் அந்த 'ஒன்று'க்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
அடுத்து வருகிறவர்
தூசி என்று ஊதிப் பார்ப்பார்.