மணம் வருதா

பஹ்ரைனிலிருந்து இவர் கொண்டுவந்தது இரண்டு பெட்டி.
ஒன்றில் துணி.
மற்றதில் கயிறு சுற்றிய ஓவன்.
"சவம், இதுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கியிருக்கலாம்லா"
என்றேன். சிரித்தார்.

பதினேழு வருடம் ஓட்டல் அடுப்படி.
அரபிக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஆக்கிப்போட்ட கை
இந்த வீட்டில் இதுவரை
கட்டன்சாயா தவிர ஒன்றும் போட்டதில்லை.

இன்று கருங்கல் சந்தையில் நாடன் கோழி,
தோலோடு, கழுத்தோடு, எட்டுத் துண்டு.
உருளைக்கிழங்கை எடுத்தவரைத் தடுத்து
மரச்சீனியை வைத்தேன்.
"குழைஞ்சிரும்."
"குழையட்டும், அதுக்குத்தானே மரச்சீனி."

அண்டிப்பருப்பு என் பங்கு.
முழுசு கப்பலேறும். பொடி எங்களுக்கு மலிவு.
தோடு உடைத்து உடைத்துக் கறுத்த விரல் எனக்கு;
ரேஷன்கடை எந்திரம்
என் பெருவிரலை மூன்று தடவை மோந்துபார்த்து
ஆளில்லை என்று சொல்லும்.

தோல்பக்கம் கமிழ்த்தி எண்ணெயில் சிவக்கவிட்டார்.
பட்டை, கிராம்பு, ஏலம், இடித்த நல்லமிளகு.
"கருகுதா பாரு" என்றார்.
அடுப்பு அவர் மூக்குக்கு நேரே.
கொஞ்சம் கழித்து மறுபடி, "கருகுதா?"

இரண்டாம்பால் ஊற்றி மண்சட்டியை மூடி
விளிம்பு முழுக்க மைதாமாவுத் திரி ஒட்டினார்,
ஒழுகும் ஜன்னலுக்குச் சிமென்ட் பூசுகிற மாதிரி.
நூற்றியெழுபது டிகிரி. ஒன்றரை மணிக்கூர்.
"திறக்கப்பிடாது."
பத்து நிமிடத்துக்கு ஒருக்கா, "மணம் வருதா?"
"ஒட்டிவச்ச சட்டியில எப்படி வரும்?"
பெருமையடிக்கிறார் என்று நினைத்தேன்.

மழை வலுத்தது.
எங்கோ ஒரு ரப்பர்கொம்பு கம்பியில் விழுந்திருக்கும்,
ஓவனின் சிவப்பு அணைந்தது. வீடு அணைந்தது.
டைமர் மட்டும் இருட்டில்
தன்பாட்டுக்கு டிக்டிக்கென்று போனது.

"தொடாதே. உள்ள சூடு நிக்கும்.
அது பாத்துக்கிடும்."
அப்புறம், அதே குரலில்,
"எனக்கு மூக்கு போச்சு, ரெஜினாள்.
போன மார்கழியில ஒரு காய்ச்சல்.
பால் பிரிஞ்சது தெரியல.
ஒரு ராத்திரி கேஸ் திறந்துகிடந்ததும் தெரியல,
நேபாளத்துப் பையன் ஓடிவந்து பூட்டினான்.
டிக்கெட் எடுத்துக் கொடுத்துட்டாங்க."

மார்கழிக்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை
போனில் பிரியாணி மணத்தைச் சொல்லித்தந்தாரே,
எந்த மூக்கால்?
கேட்கவில்லை.
எழுந்துபோய் ஓவன் பக்கத்தில் முட்டிபோட்டேன்.

"மாவு வெந்துட்டு.
காலைல ரொட்டிக்கடை கதவு திறந்தமாதிரி."
"ம்."
"ஒரு இடத்துல வெடிச்சிருக்கும்போல.
ஏலம் வந்தாச்சு. கிராம்பு பின்னால நிக்குது."
"மிளகு?"
"வாறது. தொண்டையில தெரியுது."
"கோழி?"
"கோழி இன்னும் இல்ல."

மழை. டிக்டிக்.
பக்கத்து வீட்டில் யாரோ மெழுகுதிரி கேட்டார்கள்.

"இப்போ கோழி."

எழுந்துவிட்டார். "அப்போ இறக்கலாம்."
கையை விட்டு வெறுமனே சட்டியைத் தூக்கினேன்.
"எடி, துணி! துணி!"
என் விரலுக்கு அதெல்லாம் ஒரு சூடா.

மாவை உடைத்துத் தலைப்பால் விட்டு,
பருப்பரைத்ததைக் கலக்கி, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டேன்.
மரச்சீனி பாதி காணாமல்போய்
சாறு கொழகொழவென்று கரண்டியைப் பிடித்தது.
விளம்பிவிட்டுத் திரும்பினால்
தோளில் துண்டோடு என் நாற்காலிக்குப் பின்னால்
கைகட்டி நிற்கிறார்,
வேறு யாருக்கோ நின்ற மாதிரி.

காலால் எதிர் நாற்காலியைத் தள்ளினேன்.
"இரியும்."

இருந்தார். அப்பத்தைப் பிய்த்துத் தொட்டு
வெகுநேரம் மென்றார்.
"உப்பு கூடிட்டு."

ஆமாம், கூடித்தான் போயிருந்தது.
இருட்டுக்கு முன்னால் நானும் ஒரு பிடி போட்டிருந்தேன்.
"உப்பு கூடிட்டு" என்றார் மறுபடியும்,
கண்டுபிடித்தவர்போல.
இன்னொரு கரண்டி ஊற்றினேன்.