வானிலை: வெயில்

ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு
என் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.
எட்டுப் பேரும் புதிதாய்ப் பார்ப்பார்கள்.
"கல்யாணம் ஆயிடுச்சா?" என்பார் மாசிலாமணி,
நாற்பத்து மூன்றாவது முறையாக.

புக்கிட் பாத்தோக். புளோக்கின் கீழ்த்தளம்.
வட்டமாய் நாற்காலிகள்.
அன்றைக்குப் பழைய நாணயங்கள்.
பலகையில் முந்தின நாளே எழுதிவிட்டேன்:
இன்று செவ்வாய். மாதம் ஏப்ரல். வானிலை: வெயில்.

மேடம் கோ ஐந்து காசைக் கடித்துப் பார்த்தார்.
ரொக்கையா மக்சிக் அதை வாங்கித்
தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.
ஆறு வாரமாய் வாய் திறக்காத அங்கயற்கண்ணி
யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருள்போல்
தன் கைகளை மடியில் வைத்திருந்தார்.

அப்போது இடிந்து விழுந்தது மழை.

"துணி!"

அங்கயற்கண்ணிதான்.
எழுந்து நின்றிருந்தார்.

"ஹூஜான்! ஆங்காட் காயின்!" மக்சிக்.
"லோ ஹோ! லோ ஹோ!" மேடம் கோ, செருப்பைத் தேடாமல்.
ஈரத்தோடு கனக்கும் மூங்கில் கழியைப்
பத்தாவது மாடியிலிருந்து உள்ளே இழுத்த கைகள்.
கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராய் இருந்த மாசிலாமணி
"மெதுவா, தரை வழுக்கும்" என்றபடி
எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

என் பயிற்சிக் குறிப்பில் இதற்கொரு சொல் உண்டு:
திசைதிருப்பு.
எங்கே திருப்ப?
துணி எங்கே என்று யாரும் கேட்பதற்குள்
மேசைவிரிப்புகளை உருவினேன்,
சமையலறைத் துண்டுகள், என் ஸ்வெட்டர்,
அள்ளிவந்து நடுவில் கொட்டினேன்.

தொட்டுப் பார்த்தார்கள்.
"நனையல. நல்லவேளை."

இரண்டிரண்டு பேராய்
முனையோடு முனை சேர்த்து,
நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி.
மேடம் கோவுக்கும் மாசிலாமணிக்கும் பொதுமொழி இல்லை.
மடிப்பு நேராக வந்தது.
என் ஸ்வெட்டரை மட்டும்
மூன்று பேர் மூன்று விதமாய் மடித்தார்கள்,
ஒருவர் மடித்ததை அடுத்தவர் பிரித்து.

பிறகுதான் அங்கயற்கண்ணி பலகையைப் படித்தார்.
"வெயிலா?"
சிரிப்பு வட்டமாய்ச் சுற்றி வந்தது.
அந்த அறையில் ஒன்றும் தெரியாதவள்
நான் ஒருத்திதான்.

அழித்தேன். மார்க்கரைப் பிடுங்கி அவரே எழுதினார்: மழை.
ழகரத்தின் வால் சட்டம்வரை இறங்கியது.

அதற்குள் நின்றுவிட்டது.
எதிர் புளோக்கில் ஒரு பெண்
கழியை வெளியே நீட்டினாள்.
எட்டுப் பேரும் மடித்த துணியைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.

மாசிலாமணி ஸ்வெட்டரை எடுத்து உதறினார்.
"இந்தாம்மா, காயப்போடு.
கல்யாணம் ஆயிடுச்சா?"