இடம்புரி

உன்னிச்சைக்கும் ஆயித்தியமலைக்கும் நடுவில்
முன் இடப்பக்க டயர்
சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது.
பின்னால் நூற்றி நாற்பது தயிர்ச்சட்டி.
மணி ஐந்தே கால்.
சாரதி சதாகரன் தங்கையின் கலியாணத்துக்குப் போயிருந்தான்.
ஓட்டி வந்தது நான்.
பதினொரு வருசம் பேர்சுக்குள் கிடந்த லைசென்ஸ்
அன்றுதான் வெயில் பார்த்தது.

சீட்டுக்கு அடியில் ஜக் இருந்தது,
ஒற்றைச் சிலிப்பரோடும் போன வருசத்து வரிப்பத்திரத்தோடும்.
மணலில் அது புதையும் என்று தெரியும்.
சட்டி அடுக்குகிற பலகையொன்றை உருவி அடியில் வைத்தேன்.
முதலில் நட்டை இளக்கு, பிறகு தூக்கு:
இதுவும் தெரியும்.
தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறு நட்டு.
பிரேசை மாட்டி இடப்பக்கம் அழுத்தினேன்.
அசையவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
சாறியை இடுப்பில் செருகிக்கொண்டு
ஐம்பத்தெட்டுக் கிலோ
ஒரு இரும்புக் கம்பியில் துள்ளுவதை
யானை வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொக்குகள்
நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தன.

மோட்டார் சைக்கிளில் கோழித்தீன் மூட்டையோடு
ஏறாவூர்க்காரர் ஒருவர் நின்றார். பேர் ஹிதாயத்தாம்.
'தள்ளுங்க தங்கச்சி, நான் புடிக்கன்.'
கை உண்மையிலேயே பெரிசு.
அவரும் இடப்பக்கம்தான் அழுத்தினார்.
ஒரு தரம்.
பிஸ்மி சொல்லி இன்னொரு தரம்.
டிக்.
'கழண்டுட்டு' என்றார்.
கழரவில்லை.
ஆணி முறிந்து, நட்டையும் கூட்டிக்கொண்டு
அவர் காலடியில் கிடந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஹெல்மெட்டைக் கழற்றினார்,
திரும்பப் போட்டார்.
'ஆனை வாற நேரம்' என்றார்,
ஆனைதான் முறித்தது போல.

நான் குந்தினேன்.
மிச்ச ஐந்து ஆணிகளின் முகத்திலும் காய்ந்த சேறு.
எச்சில் தொட்டு முந்தானையால் தேய்த்தேன்.
ஒரு எழுத்து வந்தது.
எல்.
அடுத்ததிலும் எல்.
ஐந்திலும்.
லெப்ட்.
இந்தப் பக்கத்துச் சக்கரம்
பிறக்கும்போதே இடம்புரி.
இவ்வளவு நேரமும் இரண்டு பேரும் முறைவைத்து
இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

சங்கென்றால் வலம்புரிக்குத்தான் விலை.
லொறிக்கு யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை.

வலப்பக்கம், ஒற்றைக் காலால் மிதித்தேன்.
கீச்சென்று ஒரு முனகல்.
பிறகு தேன் போத்தல் மூடிபோலச் சுழன்று வந்தது.
ஹிதாயத் சிரிக்கவில்லை.
நானும் சிரிக்கவில்லை,
கொஞ்ச நேரம்.

ஸ்பெயாரை மாட்டும்போது
'அடுத்தடுத்து இறுக்கப்படா, எதிரெதிரே' என்றார்.
இதைச் சரியாகத்தான் சொன்னார்.
ஒன்று, அதற்கு நேரே மற்றது.
ஐந்தில் ஒன்றுக்கு எதிரே ஆளில்லை.
அதைக் கடைசியாகப் பிடித்தோம்.

சட்டியொன்று நீட்டினேன். வேண்டாமென்றார்.
முறிந்த ஆணிக்குக் காசு தரப் பார்த்தார்.
கடைசியில் தயிரைக் கோழித்தீனுக்கு மேல் கட்டிக்கொண்டு
சைக்கிள்காரன் முந்திப்போகும் வேகத்தில் போனார்.

வலையிறவுப் பாலத்தடியில் நிறுத்தி
நட்டுகளை மறுபடி தொட்டுப் பார்த்தேன். சூடு.
ஒன்று மட்டும் கால் சுற்று வந்தது.
தோணியிலிருந்து யாரோ டோர்ச் அடித்து
'என்னகா?' என்று கேட்டார்கள்.
'ஒண்டுமில்ல' என்றேன்.

இரவு, வீட்டில்,
கிறீஸ் கை கழுவக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் வரவில்லை.
இன்னும் பலமாகத் திருகினேன்.
எந்தப் பக்கம் என்று
பிறகுதான் கையைப் பார்த்தேன்.